ஹொரைசன் 202, முதல் ரோல்: தொடுவானம் வளைகிறது, வானத்தில் பட்டை விழுகிறது

அகலக்கண்:

வணக்கம். ரொம்ப நாளாக ஆசைப்பட்ட சுழல்-லென்ஸ் கேமரா ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஹொரைசன் 202, பழையது. லென்ஸில் பூஞ்சை இல்லை, லென்ஸைத் தாங்கிச் சுழலும் டிரம் சுற்றுகிறது, கழற்றி மாட்டும் கைப்பிடியும் கூடவே வந்தது. 36 ஃபிரேம் கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைப் போட்டு இரண்டு நாள் நடந்து திரிந்து 22 படம் எடுத்தேன். கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல, 58 மி.மீ. நீளத்துக்கு ஒரே படம்! ஸ்கேன் செய்து பெரிதாகப் பார்த்த பிறகுதான் சந்தேகங்கள் ஆரம்பித்தன.

ஏரிக்கரையில் நின்று எடுத்த மூன்று படங்களில் ஒன்றில் எதிர்க்கரை கிண்ணம் போலத் தொங்குகிறது, இன்னொன்றில் மேடு போல எழும்புகிறது, மூன்றாவதில் மட்டும் நேராக இருக்கிறது. நீளமான ஒரு கட்டடத்தை நேர் எதிரே நின்று எடுத்தேன், அது நடுவில் உப்பி இரண்டு முனையிலும் சூம்பிப்போய் நிற்கிறது. வானம் அதிகமாக வரும் படங்களில் மேலிருந்து கீழாக வெளிறிய பட்டைகள், அதுவும் முதல் ஏழெட்டு ஃபிரேமில் நிறைய, பிறகு குறைகிறது. நான்கு படங்களில் என் விரல் வேறு ஓரத்தில் வந்திருக்கிறது. கேமராவில் கோளாறா, நான் பிடித்த விதத்தில் கோளாறா? இந்தக் கேமராவுக்கு எது மாதிரியான காட்சி ஒத்துவரும் என்றும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ரசமட்டம்:

பட்டையைத் தவிர மற்றதெல்லாம் கேமரா ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம், கவலை வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஃபிலிம் தட்டையாக இல்லை, வில் மாதிரி வளைந்து உட்கார்ந்திருக்கிறது. 28 மி.மீ. லென்ஸ் அந்த வில்லின் மையத்தில் நின்று சுழல்கிறது, பின்னால் ஒரு மெல்லிய கீற்று வழியாக மட்டும் வெளிச்சம் ஃபிலிமில் விழுந்துகொண்டே போகிறது. 120 பாகையும் இப்படித்தான் துடைத்தெடுக்கப்படுகிறது. ஆக உங்கள் படம் ஓர் உருளையின் உட்சுவரில் வரைந்த காட்சி, அதைப் பிரித்துத் தட்டையாக விரித்துப் பார்க்கிறீர்கள்.

இப்போது அந்தக் கட்டடத்துக்கு வருவோம். நடுப்பகுதி உங்களிடமிருந்து 20 மீட்டர் என்றால், பக்கவாட்டில் 60 பாகை திரும்பினால் தெரியும் முனை 40 மீட்டர் தள்ளி இருக்கிறது. சாதாரண அகலக்கோண லென்ஸ் தட்டை ஃபிலிமில் அந்த ஓரத்தை இழுத்து நீட்டி, சுவரை நேர்கோடாக்கிவிடும். சுழல்-லென்ஸ் அப்படி இழுக்காது, இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதைப் பாதி உயரத்தில்தான் காட்டும். கண்ணால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தானே தெரியும்? எனக்கு இந்த நேர்மை ரொம்பப் பிடிக்கும். ஓரத்தில் நிற்கும் ஆள் பக்கவாட்டில் பெருத்துப்போக மாட்டார், ஓரம் இருண்டுபோகவும் செய்யாது.

ஏரிக்கரை விஷயம் வெறும் மட்டம்தான். கேமராவைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் தொடுவானம் கிண்ணமாகும், கீழ்நோக்கிச் சாய்த்தால் மேடாகும், துளியும் சாயாவிட்டால் நேர்கோடாகப் படத்தின் நடுவில் ஓடும். வியூஃபைண்டருக்குள்ளேயே ரசமட்டக் குமிழ் தெரிகிறதே, அதற்காகத்தான். நான் முதலில் குமிழைப் பார்ப்பேன், அப்புறம்தான் காட்சியை. தொடுவானம் நடுவில் வந்து மாட்டிக்கொள்கிறதே என்று தோன்றினால் கேமராவைச் சாய்க்காதீர்கள், நீங்கள் ஏறுங்கள் அல்லது குனியுங்கள். ஒரு படிக்கட்டில் நாலு படி ஏறினாலே முன்னால் இருக்கும் தரை எப்படி விரிகிறது என்று பாருங்கள்.

விரலுக்கு வழி அந்தக் கைப்பிடி. அதை மாட்டிக்கொண்டு, மற்றக் கையைக் கேமராவின் பின்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டறை:

பட்டையைப் பற்றி நான் சொல்கிறேன், இதோடு நிறையப் போராடியிருக்கிறேன். டிரம் ஒரே சீராகச் சுற்றாமல் எங்காவது ஒரு கணம் தயங்கினால் அந்த இடத்தில் ஃபிலிமுக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும், அதுதான் பட்டை. மரமும் மனிதரும் நிறைந்த படத்தில் கண்ணுக்குப் படாது, வெறும் வானத்தில் பளிச்சென்று தெரியும். நெடுநாள் சும்மா கிடந்த கேமராவில் உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகிப்போயிருக்கும். உங்களுக்கு முதல் சில ஃபிரேமில் அதிகம், பிறகு குறைவு என்பதே அதைத்தான் சொல்கிறது. ரோல் போடுவதற்கு முன் வெறுமனே முப்பது நாற்பது முறை சுற்றி அழுத்திவிடுங்கள், மெதுவான வேகத்திலும் சேர்த்து. அதற்கும் அடங்கவில்லை என்றால் இந்த வகைக் கேமராவைத் திறந்து பழகியவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்வதே நல்லது. நாமாக எண்ணெய் விட்டால் அது லென்ஸுக்கும் கீற்றுக்கும் பரவும், தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு விஷயம். 202-இல் கையில் பிடித்து எடுக்க 1/60, 1/125, 1/250 நொடி என்று மூன்று ஷட்டர் வேகம், ஸ்டாண்டில் வைக்க 1/2, 1/4, 1/8 என்று மூன்று. டிரம்முக்கு உண்மையில் இரண்டே வேகம், மாறுவது கீற்றின் அகலம். அகலக் கீற்று டிரம்மின் சின்னத் தயக்கங்களைச் சராசரியாக்கிவிடும், மெல்லிய கீற்று அப்படியே பதிவு செய்யும். எனவே வானம் நிறைய வரும் படங்களுக்கு 1/250-ஐத் தவிர்த்து, லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையைச் சிறிதாக்கி 1/60-க்குப் போய்ப் பாருங்கள்.

ரோல் போடும்போது ஃபிலிம் இரண்டு பக்கமும் உருளைகளுக்கு அடியில் போகிறதா என்று பார்த்துவிட்டே மூடுங்கள். மேலாகப் போனால் வளைவில் ஒட்டி உட்காராது, டிரம் உரசி நீளமாகக் கீறல் விழும்.

அப்புறம், நீங்களே கழுவியது நல்லதாகப் போயிற்று. நான் ஒரு முறை முக்கியமான கலர் ரோல் ஒன்றை லேபில் கொடுத்தேன். வெட்ட வேண்டாம் என்று வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. வழக்கமான ஃபிரேம் நீளமான 36 மி.மீ. கணக்கில் வெட்டி, அழகாக உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒரு படத்தில் என் அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார், வெட்டு அவர் தோளோடு போயிருந்தது. அந்த இரண்டு துண்டையும் இன்னும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறேன். கலர் ரோல் எடுத்தால் "கழுவ மட்டும், வெட்டக் கூடாது" என்று உறை மேலேயே பெரிதாக எழுதுங்கள். பிரிண்ட் போட நினைத்தால் 35 மி.மீ. ஃபிலிமுக்கான என்லார்ஜர் (நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) போதாது, 6x7 செ.மீ. நெகடிவுக்கான என்லார்ஜரில்தான் 58 மி.மீ. முழுசாக அடங்கும்.

நடைவழி:

எது ஒத்துவரும் என்று கேட்டீர்களே. ரசமட்டம் அவர்கள் சொன்ன உருளைக் கணக்கையே திருப்பிப் போடுங்கள். நேர்ச்சுவர் வளைகிறது என்றால், உங்களைச் சுற்றி வளைந்திருப்பது நேராகும். ஆற்று வளைவின் உட்பக்கம் நின்றால் ஆறு நேராக ஓடும். ஆட்களை வரிசையாக நிற்கவைத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் குட்டியாகிவிடுவார்கள், உங்களை மையமாக வைத்து ஒரு வில்லில் நிற்கவைத்தால் எல்லோரும் ஒரே உயரம், ஒரே தெளிவு. கயிறு ஒன்றை மூன்று மீட்டருக்குப் பிடித்துக்கொண்டு காலால் தரையில் கோடு கிழித்துவிட்டால் போதும். தெரு என்றால் இரண்டு சாலை சந்திக்கும் முனையில் நில்லுங்கள், கோடுகள் ஏற்கனவே விலகி ஓடுவதால் வளைவு உறுத்தாது.

தொடுவானம் எப்போதும் நேராகத்தான் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மலையுச்சியிலிருந்து வேண்டுமென்றே கீழே சாய்த்து எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, பள்ளத்தாக்கு முழுக்க ஒரு முதுகு மாதிரி வளைந்து நிற்கும், அந்த இடத்தில் நின்ற உணர்வு அதில்தான் இருக்கிறது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியும் ஒரு ரோல் முயன்று பாருங்கள், மரத்தடியில் நின்றால் வேரிலிருந்து தலைக்கு மேல் இருக்கும் கிளை வரை ஒரே மூச்சில் வரும்.

அசைவு இன்னொரு உலகம். லென்ஸ் போகும் திசையிலேயே ஓடும் வண்டி நீண்டுபோகும், எதிர்த்திசையில் வந்தால் குறுகும். 1/60 வைத்தாலும் 1/250 வைத்தாலும் டிரம்மின் வேகம் ஒன்றுதான் என்பதால் இந்த நீட்சி மாறாது, மங்கல்தான் குறையும். ரோல் இல்லாமல் ஒருமுறை அழுத்தி, லென்ஸ் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ் வைட்லக்ஸ் என்ற ஜப்பானிய சுழல்-லென்ஸ் கேமராவில் படப்பிடிப்புத் தளங்களைப் பல ஆண்டுகளாக எடுத்துவருகிறார். கூட நடிப்பவர்கள் ஒரு முனையில் அழுத முகமும் மறுமுனையில் சிரித்த முகமுமாக ஒரே ஃபிரேமில் இரண்டு முறை வரும்படி எடுத்த படங்கள் அவரிடம் உண்டு. லென்ஸ் தாண்டிப் போனதும் ஆள் இடம் மாறிவிடுவார், அவ்வளவுதான். ஒரு படத்துக்குள் முன்னும் பின்னும் இருக்கிறது என்பதை இதைவிடச் சுலபமாக விளக்க முடியாது.

அகலக்கண்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். மாலை நேரத்தில் ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிழல் என்று 120 பாகையில் எல்லாமே வந்துவிடுகிறது. வெளிச்சம் அளக்கும் மீட்டரை எங்கே காட்டுவது? ஃபிளாஷ் போட்டு நிழலை நிரப்பலாமா?

இருட்டறை:

ஃபிளாஷ் உதவாது. அது மின்னும் நேரத்தில் கீற்று எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த ஒரு பட்டைக்குத்தான் வெளிச்சம் கிடைக்கும். வானத்தைக் கறுப்பாக்கும் போலரைசர் ஃபில்டரும் வேண்டாம், இவ்வளவு அகலத்தில் வானம் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்துவிடும். நெகடிவ் ஃபிலிம் என்றால் நிழல் பக்கத்தை அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்து வையுங்கள், வெயில் பக்கத்தை ஃபிலிம் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு என்றால் மேகமூட்டத்துக்குக் காத்திருங்கள். கொளுத்தும் வெயிலில் 400 வேக ஃபிலிம் போட்டால் 1/250, எஃப்/16 (இந்த லென்ஸின் மிகச் சிறிய துளை) என்பதற்கு அப்பால் போக வழியில்லை, 100 ஃபிலிம் என்றால் 1/125, எஃப்/11 என்று வசதியாக இருக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் முன்னால் நீண்டு படத்துக்குள் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகலக்கண்:

இரண்டாவது ரோல் கழுவியாயிற்று. வெறுமனே நாற்பது முறை சுற்றிவிட்டுப் போட்டேன், ஒரே ஒரு படத்தில் இடது ஓரத்தில் மெல்லியதாக ஒரு பட்டை, மற்றதில் இல்லை. விரல் எதிலும் இல்லை.

வீட்டில் ஒன்பது பேரைக் கயிறு பிடித்து வில்லில் நிறுத்தினேன். கேமரா ஸ்டாண்டில், 1/8, குமிழ் நடுவில். கடைசியில் நிற்க வேண்டிய அக்கா மகளிடம், லென்ஸ் உன்னைத் தாண்டியதும் என் பின்னால் ஓடி அந்தப் பக்கம் போய் நில் என்று சொல்லியிருந்தேன். மெதுவான வேகத்தில் லென்ஸ் மறுமுனைக்குப் போகச் சில நொடி ஆகிறதே, அது போதுமாக இருந்தது. நெகடிவில் எண்ணிப் பார்த்தேன், பத்துத் தலை, எல்லாம் ஒரே உயரம். இடது முனையில் கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக நிற்கிறாள், வலது முனையில் அதே பெண், தலைமுடி கலைந்து, ஒரு செருப்பு மட்டும் காலில்.