அப்பா கால் புண்ணுக்கு வீட்டு டிரெஸ்ஸிங்: கத்திரியை ஸ்பிரிட்ல துடைச்சா போதுமா?

மலைக்கோட்டை:
அப்பாவுக்கு சுகர், கட்டைவிரலுக்கு அடியில புண்ணு, ஒருத்தர் ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்து டிரெஸ்ஸிங் பண்றார். தங்கமான மனுஷன், ஆனா பையில இருந்து கத்திரியை எடுத்து ஸ்பிரிட் பஞ்சால ஒரு துடை துடைச்சிட்டு புண்ணு ஓரத்துல தடிச்ச தோலை வெட்டுறார், அதே கத்திரிதான் அடுத்த வீட்டுக்கும் போகுது. இது சரியா? கேட்டா மனசு சங்கடப்படுவாரோன்னு தயக்கமா இருக்கு.

ஸ்டாஃப்நர்ஸ்_மதுரை:
பத்தாதுங்க. ஸ்பிரிட்ல நிறைய கிருமி சாகும், ஆனா டெட்டனஸ் மாதிரி கிருமியோட ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள்ள தூங்குற விதை மாதிரி வடிவம், சாகாது, கத்திரி மூட்டுல காஞ்ச ரத்தம், சீழ் ஒட்டியிருந்தா ஸ்பிரிட் உள்ள போகவே போகாது. முதல்ல சோப்பு போட்டு பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவணும், அப்புறம் ஆட்டோகிளேவ்ல, அதான் குக்கர் மாதிரி அழுத்தத்துல நீராவி வச்சு கிருமியைக் கொல்ற மெஷின், 121 டிகிரி, குறைஞ்சது 15 நிமிஷம். "அண்ணே, அப்பாவுக்குன்னு தனியா ஒரு செட் வாங்கித் தரேன், ஆட்டோகிளேவ் பண்ணி பாக்கெட்டோட கொண்டாங்க"ன்னு சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டார். அதைவிட முக்கியமா, பழைய கட்டைப் பிரிச்ச கிளவுஸோடயே புது காஸ் துணியைத் தொடுறாரான்னு பாருங்க, நான் பார்த்தவரை பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். பிரிச்சதும் கிளவுஸைக் கழட்டிட்டு கையைக் கழுவிட்டு வேற கிளவுஸ் போடணும்.

காவிரிக்கரை:
அக்கா சொன்னதோட இன்னொன்னு, புண்ணு கழுவுற சலைன் (உப்புத் தண்ணி) பாட்டிலைத் திறந்துட்டு மூடி வச்சு அடுத்த தடவைக்கு ஓட்டாதீங்க. அதுல கிருமி வளராம தடுக்க எதுவும் கலக்கறதில்ல. 100 மில்லி பாட்டிலா வாங்கி மிச்சத்தைக் கொட்டிடுங்க. எங்க அம்மாவுக்கு அப்படித்தான் பண்றோம்.

மலைக்கோட்டை:
ரொம்ப நன்றி. கத்திரியை வீட்லயே கொதிக்க வச்சுக் குடுத்தா?

ஸ்டாஃப்நர்ஸ்_மதுரை:
கொதிக்கிற தண்ணியிலயும் ஸ்போர் தப்பிச்சிடும் தம்பி. இன்னும் ஒண்ணு, அந்தத் தடிச்ச தோலை வீட்ல வெட்டவே விடாதீங்க, காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு சுகர்காரங்க காலைப் பார்க்குற டயபடிக் ஃபுட் கிளினிக்லதான் எடுக்கணும். அப்பாவுக்கு கால் மரத்துப் போயிருந்தா உள்ள சீழ் வச்சாலும் வலி தெரியாது, அதனால "வலிக்கலப்பா"ன்னு சொல்றதை நம்பி இருந்துடாதீங்க. சிவப்பு பரவுறது, வீக்கம், நாத்தம், விரல் கருக்கிறது, குளிர் காய்ச்சல், காரணமே இல்லாம சுகர் எகிறுறது, இதுல எது இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, டிரெஸ்ஸிங்காரர் வரட்டும்னு காத்திருக்காதீங்க.