மறு: ஹாட் டெஸ்க்குக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன், உட்கார்ந்து எழுத இன்றுதான் முடிந்தது. அதற்குள், அலுவலகத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் ஆள் மாறி மாறி உட்காருகிற அந்த ஹாட் டெஸ்க்குக்கு, சூட்டுமேசை, வெம்மேசை, சுழல்மேசை, இரவல் மேசை, பகிர்மேசை, மிதவை இருக்கை என்று வரிசை நீண்டுவிட்டது. ஒரே மேசைக்கு ஆறு பேர் துண்டு போட்ட மாதிரி இருக்கிறது. பேசுகிற விஷயத்துக்கு அதுவும் பொருத்தம்தான்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. எங்கள் அலுவலகத்தில் வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வந்தால் போதும், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. வருகிற நாளுக்கு முந்தைய நாளே செயலியில் மேசையைப் பதிவு செய்துவிட வேண்டும். அந்தச் செயலிக்குத் தமிழ் முகமும் உண்டு என்று தெரிந்ததும் ஆசையாக மாற்றிப் பார்த்தேன். பதிவு செய்கிற பொத்தானில் ‘புத்தகம்’ என்று இருந்தது. மேசையை விட்டுக்கொடுக்கிற பொத்தானில் ‘வெளியீடு’. மூன்றாவது தளம் ‘மூன்றாவது தரை’ ஆகியிருந்தது. ஆக, மூன்றாவது தரையில் புத்தக வெளியீடு, தலைமை தாங்குவது யார் என்பது மட்டும்தான் பாக்கி. புக் என்ற சொல் திரையில் எங்கே நிற்கிறது, யார் அதை அழுத்துவார்கள் என்று பார்க்காமல் எந்திரம் செய்த வேலை அது. சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கே திரும்பியிருப்பேன், ஆனால் அதைப் பார்த்துக்கொள்கிற குழுவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், நீங்களே திருத்திக் கொடுங்களேன் என்று முந்நூற்றுச் சொச்சம் சரங்களை (திரையில் வருகிற சொற்களையும் வரிகளையும்) என் தலையில் கட்டிவிட்டார்கள். முக்கால்வாசி ஒரு வாரத்தில் முடிந்தது. முடியாததுதான் இங்கே நாம் பேசிக்கொண்டிருப்பது.

> ஹாட் என்பதில் ஒரு படிமம் இருக்கிறது. அதை நாம் ஏன் இழக்க வேண்டும்? சூட்டுமேசை என்றே வைக்கலாம்.

ஐயா, அந்தப் படிமம் ஆங்கிலம் பேசுகிறவர்களின் கப்பலில் பிறந்தது. இடம் பற்றாத சில கடற்படைக் கப்பலிலும் நீர்மூழ்கியிலும் ஆளுக்கொரு படுக்கை கிடையாது, ஒருவர் காவல் முறைக்கு எழுந்து போனதும் முறை முடிந்து வந்தவர் அதே படுக்கையில் சாய்வார், முன்னவரின் உடம்புச் சூடு அதில் ஆறியிருக்காது. அந்தப் பேச்சுதான் பின்னால் மேசைக்கும் ஏறியது என்பார்கள். நம்மிடம் அந்தக் கதை இல்லை. கதை இல்லாமல் சூட்டை மட்டும் கொண்டுவந்தால் படிப்பவருக்கு இஸ்திரி போடுகிற மேசைதான் நினைவுக்கு வரும்.

ஆனாலும் உங்களுக்கு அரை மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். பல அலுவலகங்களில் மேசைக்கு அடியில் ஒட்டியிருக்கிற சிறிய உணரி இருக்கிறதே, அது ஆள் இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான். சூட்டைத்தான் தேடுகிறது, அதிலும் சூடு அசைவதைத் தேடுகிறது. அதனால் பையை வைத்துவிட்டுப் போனால் ஏமாறாது, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து ஒரு ஆவணத்தைப் படிக்கிறவரையோ சில சமயம் ‘ஆளில்லை’ என்று கணக்கில் எழுதிவிடும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு சொல்லைத் தேடுகிறோம், ஆனால் அங்கே இருப்பது இரண்டு வேலை. முதல் வகையில் பதிவெல்லாம் கிடையாது, காலையில் யார் முந்தி வருகிறாரோ அவருக்கு மேசை. இரண்டாவது வகையில் முன்னதாகவே நாளும் மேசையும் குறித்துவைக்க வேண்டும், தங்கும் விடுதியில் அறை எடுக்கிற மாதிரி. ஆங்கிலத்திலேயே இரண்டாவதற்கு ஹோட்டலிங் என்று தனிப்பெயர் இருக்கிறது, பேச்சு வழக்கில்தான் எல்லாவற்றையும் ஹாட் டெஸ்க் என்று குழப்பிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

இரண்டும் ஒன்றில்லை என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. சியாட்/டே என்ற விளம்பர நிறுவனம் 1990களின் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலகத்தில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது என்று அறிவித்தது. மடிக்கணினியையும் தொலைபேசியையும் காலையில் வாங்கிக்கொண்டு கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும், மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், கருவிகள் ஆளுக்கொன்று இல்லை, சீக்கிரம் வந்தவர்கள் எடுத்துப் பதுக்கினார்கள், தாமதமாக வந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, காகிதங்களை வைக்க இடமில்லாமல் காரின் பின்பெட்டியையே அலமாரியாக்கியவர்களும் உண்டு. சில வருடத்தில் கைவிட்டுவிட்டார்கள். இன்றைக்கு இருக்கிற பதிவு மென்பொருள்களின் வேலையே அந்தக் காலை ஓட்டத்தை நிறுத்துவதுதான். 2020க்குப் பிறகு பாதி வாரம் வீடு, பாதி வாரம் அலுவலகம் என்று ஆனபோது பத்துப் பேருக்கு ஆறு ஏழு மேசை போதும் என்று இடத்தைக் குறைத்தார்கள், குறைத்த பிறகு யார் எந்த நாள் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் சமாளிக்க முடியும் என்ற நிலை வந்தது. அந்த மென்பொருளுக்குள் போய், அது ஒழிக்க நினைக்கிற ஓட்டத்தின் பெயரையே பொத்தானாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் என் முன்மொழிவு இது. முந்தி வந்தவருக்குக் கிடைக்கிற மேசை முந்துமேசை. ஒரு நாளுக்கென்று பதிவு செய்துகொள்கிற மேசை நாள்மேசை. ஒருவருக்கே உரியது நிலைமேசை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விளக்கம் எழுதாமலே புரிகிறது. நிலைமேசை என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை என்று தெரியும், ஆனால் அது தேவை. உயரம் மாற்றக்கூடிய மேசையோ தனி நாற்காலியோ இல்லாமல் உட்கார முடியாதவர்கள் இருக்கிறார்கள், பார்வை காரணமாகத் திரையைக் குறிப்பிட்ட விதத்தில் அமைத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேசையைப் பொதுக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதற்குச் செயலியின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) ஒரு பெயர் வேண்டாமா?

> இருக்கை முன்பதிவு என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே, அதைவிட்டுப் புதிதாக எதற்கு?

முன்பதிவு என்பதில் எனக்குத் தகராறே இல்லை, பொத்தானில் ‘பதிவு செய்’ என்றே போட்டுவிட்டேன், புத்தகம் ஒழிந்தது. தகராறு இருக்கையில். இருக்கை முன்பதிவு என்றவுடன் பேருந்தும் திரையரங்கும் வந்து நிற்கின்றன, அங்கே நாம் வாங்குவது உட்கார ஓர் இடம், அவ்வளவுதான். இங்கே எனக்கு வேண்டியது இரண்டு திரை உள்ள மேசையா, ஜன்னல் பக்கமா, என் மடிக்கணினிக்குச் சேருகிற இணைப்புப் பெட்டி அதில் இருக்கிறதா என்பது. நாற்காலியைப் பக்கத்து மேசையிலிருந்து இழுத்துக்கொள்ளலாம், அதை யாரும் பதிவு செய்வதில்லை.

மேசை போர்த்துகீசியச் சொல் என்று தனி மடலில் ஒருவர் கண்டித்தார். ஆமாம், மேசா. வந்த வழியையே மறக்கிற அளவுக்கு நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, இனி எழுப்பி அனுப்ப என்னால் ஆகாது.

> நாள் + மேசை = நாண்மேசை. புணர்ச்சியை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை அக்கா, பயந்துகொண்டே இருந்தேன், நீங்கள்தான் கேட்பீர்கள் என்றும் தெரியும். புறநானூற்றின் 29ஆம் பாட்டில் ‘நாண்மகிழ் இருக்கை’ வருகிறது, அரசன் பகலில் பாணர் சூழ மகிழ்ந்திருக்கிற அவை. உண்மையைச் சொன்னால் நாள் என்ற சொல்லை என் தலையில் போட்டதே அந்த வரிதான், எங்கள் மூன்றாவது தளத்துக்கும் மகிழ்ச்சிக்கும் பெரிய உறவில்லை என்றாலும். ஆனால் திரையில் நாண்மேசை என்று பார்த்தால் வில்லின் நாணா, வெட்கமா என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும். தேடுகிறவர் நாள் என்றுதான் தட்டுவார், நாண் என்று தட்ட மாட்டார். நாள்காட்டி என்றுதானே புழங்குகிறோம், அதுவே எனக்குப் போதும். நாள்களா நாட்களா என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து இங்கே அவிழ்த்துவிடாதீர்கள்.

அரை நாளுக்கு, இரண்டு மணி நேரத்துக்குப் பதிவு செய்தால் நாள்மேசை பொருந்துமா என்ற கேள்வி நியாயம். நாள்கூலிக்கு வந்தவர் மத்தியானம் கிளம்பினால் அரைநாள் கூலி என்கிறோம், அப்படியே அரைநாள் மேசை என்று ஓடிவிடும். மணிக்கணக்கில் எடுப்பது பெரும்பாலும் கூட்ட அறையைத்தான்.

பாதி வீடு, பாதி அலுவலகம் என்கிற ஹைப்ரிட் வேலைக்கு ‘கலப்பினப் பணி’ என்று வந்திருப்பதைத் தயவுசெய்து விட்டுவிடலாம், விதை நெல் மாதிரி இருக்கிறது. ஈரிடப் பணி என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஈரமான இடம் என்று படிக்க வாய்ப்பு உண்டுதான், பக்கத்தில் பணி என்று வந்துவிட்டால் அந்தச் சந்தேகம் எழாது.

இனி செக்-இன். இதில்தான் எனக்கு அடி பட்டது. போன மாதம் ஒரு நாள் 14ஆம் மேசையைப் பதிவு செய்திருந்தேன், வந்து பையை வைத்தேன், கூட்டம் தொடங்கிவிட்டதே என்று நேராக அறைக்கு ஓடினேன். மேசை மூலையில் ஒட்டியிருக்கிற கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய மறந்துவிட்டேன். பதினைந்து நிமிடத்துக்குள் வந்ததை உறுதி செய்யாவிட்டால் மேசை தானாகப் பொதுவுக்குப் போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் என் இடத்தில் வேறொருவர், பையைத் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார், அவர் கைபேசியில் பச்சை நிறத்தில் அவர் பெயர். என் கைபேசியிலோ “உங்கள் மேசை வெளியிடப்பட்டது” என்று செய்தி. அவர் மேல் தப்பே இல்லை, அதனால் கோபப்படவும் வழியில்லை.

உள்நுழைவு என்று இதற்கு வைக்க முடியாது, அது கடவுச்சொல் கொடுத்துச் செயலிக்குள் போவதற்கு என்று எப்போதோ நிலைத்துவிட்டது. வருகைப் பதிவு என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அர்த்தம் சரி, வாசனைதான் சரியில்லை. அந்தச் சொல்லைப் பார்த்த நொடியில் இதை வைத்து நம் சம்பளத்தைப் பிடிப்பார்கள் என்று ஆள் மிரண்டுவிடுவார். மேசையைக் காலி வைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நிர்வாகம் ஆயிரம் சொன்னாலும் பெயர் வேறு கதை சொல்லும். (அந்தத் தரவை உண்மையிலேயே வருகையை எண்ண எடுத்துக்கொள்கிற இடங்களும் இருக்கின்றன, அங்கே வருகைப் பதிவு என்று போடுவதுதான் நேர்மை.) நான் பொத்தானில் ‘வந்துவிட்டேன்’ என்று போட்டிருக்கிறேன், அமைப்புப் பக்கத்தில் ‘வருகை உறுதி’. தன்மையில் பொத்தான் எழுதுவதா என்று கேட்பீர்கள். செய், செய்க, செய்யவும் என்று ஏவலா வியங்கோளா என்ற நம் முடியாத வழக்கிலிருந்து இந்த ஒரு பொத்தானாவது தப்பிக்கட்டுமே.

பதிவு செய்துவிட்டு வராமலே போவதற்குத் துண்டுப் பதிவு என்று வைக்கத்தான் மனசு. வாராவாரம் செவ்வாய், புதன் இரண்டு நாளுக்கும் முன்கூட்டியே போட்டுவைத்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்காதவர்களுக்கு வேறு என்ன பெயர்? ஆனால் அறிக்கையில் அந்தப் பத்தியின் தலைப்பைப் பார்த்து மேலாளர் ஏதோ துண்டான பதிவு, பாதியில் அறுந்தது என்று நினைக்க இடமிருக்கிறது. வெற்றுப் பதிவு என்று போட்டிருக்கிறேன். துண்டு இந்த இழையிலேயே இருக்கட்டும்.

சரங்களைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். எண்ணை நிரலே நிரப்பும், நாம் உருபை ஒட்ட வேண்டும் என்றால் 14-ஐ, 14-இல் என்று கண்ணில் குத்துகிறது. எண்ணுக்குப் பின்னால் ஆம் போட்டு மேசையைச் சேர்த்துவிட்டால் உருபு மேசையோடு போய்விடும்: 14ஆம் மேசையை, 14ஆம் மேசையில். எந்த எண் வந்தாலும் உடையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலை ஆனது.

மிச்சம் இருப்பது ஒன்று. ஒரே குழுவினர் பக்கம் பக்கமாக உட்காரத் தளத்தில் ஒரு பகுதியை ஒதுக்குகிறார்கள், அதை ஆங்கிலத்தில் நெய்பர்ஹுட் என்கிறார்கள், எந்திரம் அதை ‘அக்கம்பக்கம்’ ஆக்கி “உங்கள் அக்கம்பக்கம் நிரம்பிவிட்டது” என்று செய்தி அனுப்புகிறது. குழுப்பகுதி என்று வைத்திருக்கிறேன், உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் மாற்றிவிடுகிறேன், ஒரு நிபந்தனை, பொத்தானில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.