மீன் அடையாளத்துக்கு ஒரே ஒரு புத்தகம் எண்டால் எது?

தெஹிவளை_வாசகி
ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கு. மூன்றைச் சொல்லுகினம். 1955இல் கன்பராவில் வெளிவந்த மன்ரோவின் இலங்கைக் கடல், நன்னீர் மீன்கள் நூல். ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 1990களின் நடுவில் இலங்கைக் கடல் மீன்வளத்துக்கென்று போட்ட கள வழிகாட்டி. மூன்றாவது, சுழியோடிகளுக்கு வாற நிறப்படப் புத்தகம் ஏதாவது. பேலியகொடைச் சந்தையில் கிடக்கிற மீனையும் தூண்டிலில் வாற மீனையும் இனம் பிரிக்கவேணும். எதை வாங்கலாம், ஏன்?

பக்கக்கோடு
மன்ரோதான், யோசிக்க வேண்டாம். படங்கள் சின்னன், கறுப்பு வெள்ளை. ஆனால் அந்தப் புத்தகத்தின் உயிர் திறவுகோலில் இருக்கு. "முள் இத்தனையா, அடுத்த கேள்விக்குப் போ, இல்லையா, மற்றப் பக்கம் திரும்பு" எண்டு கேட்டுக் கேட்டு உங்களை ஒரு பெயரில் கொண்டுபோய் இறக்கும்.

அறக்குளாவையும் வாகூவையும் எடுங்கோ. இரண்டும் நீளம், இரண்டிலும் குறுக்குப் பட்டைகள். நிறப்படத்தை வைச்சுப் பார்த்தால் ஒண்டுதான். திறவுகோல் மூன்று இடத்தைப் பார்க்கச் சொல்லும். முதல் முதுகுச் செட்டை முள் அறக்குளாவுக்கு 15 முதல் 18, வாகூவுக்கு 23 முதல் 27. பக்கக்கோடு, அதாவது உடம்பின் பக்கத்தில் தலையிலிருந்து வால் வரைக்கும் ஓடுற கோடு, அறக்குளாவில் இரண்டாம் முதுகுச் செட்டை முடியிற இடத்துக்குக் கீழே சடாரெண்டு இறங்கும். வாகூவில் முதல் செட்டைக்குக் கீழேயே இறங்கிவிடும். பூவை (செவுளை)க் கிளப்பினால் அறக்குளாவின் முதல் வளைவில் சீப்புப் பல் மாதிரி ஒண்டிரண்டாவது இருக்கும், வாகூவில் ஒண்டும் இராது. தலை வெட்டின மீனிலும் பக்கக்கோடு மிஞ்சும். எந்த நிறப்படம் உங்களுக்கு இதைச் சொல்லித் தரும்?

ஓரா_பிரியன்
அண்ணை, அறக்குளாவுக்குச் சரி. ஓராவுக்கு வாங்கோ பார்ப்பம். முதுகில் 13 முள், 10 கதிர் (கதிர் எண்டால் முள் மாதிரிக் குத்தாத, வளையிற மெல்லிய தண்டு). குதச் செட்டையில் 7 முள், 9 கதிர். வயிற்றுச் செட்டையில் முன்னுக்கு ஒரு முள், பின்னுக்கு ஒரு முள், நடுவில் 3 கதிர். உலகத்தில் உள்ள எல்லா ஓராவுக்கும் இந்தக் கணக்குத்தான். முள் எண்ணி "இது ஓரா" எண்ட இடத்துக்கு வரலாம். எந்த ஓரா எண்டு பிரிக்க நிறமும் கோலமும்தான் வேணும். மேலே வெள்ளைப் புள்ளி, கீழே நெளிகோடு எண்டால் ஒரு இனம். உடம்பு முழுக்கப் பொன்னிறக் கோடு எண்டால் வேறு இனம். கறுப்பு வெள்ளைப் படத்தில் பொன்னிறத்தை எங்கே தேடுறது?

இன்னொண்டு. ஓராவின் முள்ளெல்லாம் விஷம், செத்த மீன் குத்தினாலும் கடுக்கும். வெறுங்கையால் செட்டை விரிச்சு எண்ணச் சொல்லுறது புதுசாப் பழகிற ஆளுக்கு நல்ல ஆலோசனை இல்லை.

பக்கக்கோடு
முள்ளைக் கவனிக்கவேணும் எண்டது நூற்றுக்கு நூறு சரி. குறட்டால் பிடிச்சு விரிக்கலாம். ஆனால் தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கோலம் பலகையில் அப்படியே கிடக்குதோ? ஓரா பயந்தாலும் செத்தாலும் மண்ணிறத் திட்டுத் திட்டாய் மாறிவிடும். வன்னா மீனின் பொன்னும் பச்சையும் படகில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் சாம்பலாகும். ஹுருல்லாவை எடுங்கோ. புதுசாக இருக்கேக்கை பக்கத்தில் பொன்னிறப் புள்ளி வரிசை, 10 முதல் 20 வரை. மருந்தில் ஊறின மாதிரியில் அதே புள்ளிகள் கறுப்பு. இரண்டு புத்தகத்தில் இரண்டு நிறம், மீன் ஒண்டு. சுழியோடிகளின் படம் உயிரோடு நீந்துற மீனின் படம். சந்தையில் ஐசுக்கு மேலே கிடக்கிறது வேறு நிறத்தில்.

பாரையிலும் இதே கதைதான். பெரும்பாரையையும் அதோடு சேர்ந்து வாற பெரிய கண் பாரையையும் நிறத்தால் பிரிக்கிறது கஷ்டம். மீனை மல்லாத்தி, தொண்டைக்கும் வயிற்றுச் செட்டைக்கும் நடுவில் வழுவழுப்பைத் துணியால் துடைச்சு, வால் பக்கமிருந்து தலைப் பக்கம் நகத்தை இழுங்கோ. நகம் தடக்கிக்கொண்டே வந்தால் செதில் இருக்கு: பெரிய கண் பாரை. நகம் வழுக்கிக்கொண்டு போய், வயிற்றுச் செட்டைக்கு முன்னால் ஒரு சின்னத் திட்டில் மட்டும் தடக்கினால் பெரும்பாரை. இரண்டு நிமிட வேலை.

கள_வழிகாட்டி
இருவரும் வாசகி சொன்ன இரண்டாவது நூலை மறந்துவிட்டீர்கள். உணவு விவசாய அமைப்பின் கையேடு குடும்பம் குடும்பமாகக் கோட்டுப்படத்தோடு போகிறது, இலவசமாகத் தரவிறக்கலாம். கோட்டுப்படத்தை ஏன் குறைவாக நினைக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. புகைப்படம் ஒரு மீனின் படம். நல்ல கோட்டுப்படம் அந்த இனத்தின் படம்: எந்தச் செட்டை எங்கே தொடங்குகிறது, இரண்டு செட்டைக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை மறைக்காமல் காட்டும்.

சூரை வகையான அலகொடுவாவையும் அட்டவல்லாவையும் சந்தையில் கலந்து குவிப்பார்கள். அலகொடுவாவில் இரண்டு முதுகுச் செட்டைகளுக்கும் நடுவில் பெரிய வெளி. அட்டவல்லாவில் அவை கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும், கைச்செட்டைக்குக் கீழே சில கரும்புள்ளிகளும் இருக்கும். அலகொடுவாவிலேயே இரண்டு இனம். முன்னுடம்பில் கவசம் மாதிரி இருக்கும் செதில் பகுதி பின்னால் வாலாக நீளும். இரண்டாம் முதுகுச் செட்டை தொடங்கும் இடத்துக்குக் கீழே அந்த வால் 5 செதிலுக்கு மேல் அகலமில்லை என்றால் ஒன்று, 6க்கு மேல் என்றால் மற்றது. கோட்டுப்படத்தில் இது ஒரு பார்வையில் தெரியும்.

மன்ரோவின் பெயர்களை இன்றைய பெயரோடு ஒப்பிடாமல் எழுதவும் முடியாது. 1955க்குப் பிறகு எத்தனையோ பேரினப் பெயர்கள் (அறிவியல் பெயரின் முதல் பாதி) மாறிவிட்டன.

முகத்துவாரத்_தூண்டில்
இலவசம் எண்டால் பிரான்சிஸ் டேயின் இந்திய மீன்கள் பற்றிய 1875-78 நூலும் இணையத்தில் கிடக்கு, இலங்கை மீனும் அதில் வருது. வரைபடங்கள் கண்ணில் ஒத்திக்கொள்ளலாம். அதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?

பக்கக்கோடு
படத்துக்காகப் பாருங்கோ, அளவுக்கு நம்பி இறங்காதேங்கோ. டே விகிதங்களை முழு நீளத்துக்கு, வால் செட்டை நுனி வரைக்கும், சொல்லுறார். இப்பத்தை நூல்கள் பெரும்பாலும் வால் செட்டையை விட்டு அளக்கும். மீன் 50 செ.மீ., அதில் வால் செட்டை 10, தலை 10 எண்டு வையுங்கோ. டே கணக்கில் தலை நீளத்தில் ஐந்தில் ஒண்டு. மற்றக் கணக்கில் 40இல் 10, நாலில் ஒண்டு. ஒரு புத்தகத்தின் விகிதத்தை மற்றப் புத்தகத்தின் திறவுகோலில் போட்டால் பிழையான இனத்தில்தான் போய் நிற்பியள். அறக்குளாவுக்கு அவர் வைச்ச பேரினம் சைபியம், இப்ப ஸ்கோம்பரோமோரஸ். பழைய பெயர் எதுவானாலும் கலிபோர்னிய அறிவியல் கழகத்தின் மீன் பெயர்ப் பட்டியலில் போட்டால் இன்றைய பெயர் வரும். அதனால் பெயர் பழசு எண்டு மன்ரோவைத் தள்ளுறது நியாயமில்லை.

கதிர் எண்ணுற ஆக்களுக்கு: கடைசிக் கதிர் அடியோடு இரண்டாய்ப் பிரிஞ்சிருந்தால் அது ஒண்டுதான். பெரிய பாரையில் குதச் செட்டைக்கு முன்னால் இருக்கிற இரண்டு தனி முள் தோலுக்குள் புதைஞ்சு போகும், தடவித்தான் கண்டுபிடிக்கவேணும். "புத்தகம் பிழை" எண்டு வாற முறைப்பாட்டில் பாதி இந்த இரண்டாலும்தான்.

முகத்துவாரத்_தூண்டில்
தூண்டில் போடுற ஆளுக்கு அடையாளம் வேறு காரணத்துக்கும் வேணும். நீளவால் சுறா 2012இலிருந்து இங்கே பிடிக்கத் தடை. வாலின் மேல்பாதி உடம்பளவு நீளம், அதைத் தெரிய புத்தகமே வேண்டாம். படகோரத்திலேயே நூலை வெட்டி மீனை விடவேணும்.

ஆனால் தூண்டில் புத்தகம் எண்டு இங்கிலாந்து நூல்களை வாங்காதேங்கோ. அந்தக் குளிர் ஆற்று மீன், அந்தப் பருவம், அந்த இரை, ஒண்டும் தென்மேல் பருவத்தில் கலங்கிக் கிடக்கிற எங்கட கரைக்குப் பொருந்தாது. முடிச்சு அத்தியாயம் மட்டும் எங்கேயும் செல்லும். பின்னல் நூலை லீடரோடு (கொக்கிப் பக்கம் கட்டுற தடிச்ச நூல்) சேர்க்கிற எஃப்ஜி முடிச்சில் பின்னல் நூலை விறைப்பாய் இழுத்துப் பிடிச்சு, லீடரை மேலும் கீழுமாய் 20 தரம் சுத்தி, இரண்டு அரை முடிச்சுப் போட்டு, எச்சிலால் நனைச்சு இறுக்கவேணும். விறைப்புத் தளர்ந்தால் சுற்றுகள் ஒண்டுக்கு மேல் ஒண்டு ஏறும், பாரை இழுக்கேக்கை வழுக்கிப் போகும். சரியாக இறுகினால் பின்னல் நூலின் நிறம் கருத்துத் தெரியும்.

ஓரா_பிரியன்
நான் விட்டுக்குடுக்கிறதாய் இல்லை. அண்ணை சொன்ன நிறமாற்றமெல்லாம் உண்மை. அதுக்கு மருந்து நிறத்தைக் கைவிடுறதில்லை, செத்த மீனின் நிறப்படம் போட்ட புத்தகம். ஓரா, கிளிமீன், கலவாய் மூன்றிலும் கோலம் இல்லாமல் இனம் சொல்ல ஏலாது.

தெஹிவளை_வாசகி
அப்ப நான் இப்பிடிச் செய்யட்டே? கையேட்டைத் தரவிறக்கி, பாரை, சூரைப் பக்கங்களை மட்டும் அச்சடிச்சு பிளாஸ்டிக் உறை போட்டுச் சந்தைக்கு. காசை மன்ரோவுக்கு வைச்சு மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் தேடுறது.

பக்கக்கோடு
நல்லம், தங்கச்சி. வாங்க முதல் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கோ, படத் தட்டுகள் (முழுப்பக்கப் படங்கள்) 56 இருக்கவேணும். அச்சடிக்கிறதோடு விளைமீன் பக்கத்தையும் சேருங்கோ. செம்மீன் (ஸ்னாப்பர்) குடும்பத்தோடு அதைக் குழப்பிற ஆக்கள் கூட. கன்னத்தில் செதில் இல்லையெண்டால் விளைமீன்.

ஓரா_பிரியன்
ஓராப் பக்கத்தை நிறத்தில் அச்சடியுங்கோ அக்கா. குறடும் கொண்டுபோங்கோ.