எல்சி இழுத்தாளா, இல்லையா?

கல்வெட்டு:
கைவண்டிப் பயணம் பற்றிய பழைய திரியில் பனிமலை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. யென்ஸ் நீல்சனை அவர் மனைவி எல்சி வண்டியில் உட்காரவைத்து இழுத்தாள் என்பது பேரப்பிள்ளைகள் கட்டிய கதையாம். ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீல்சன் டென்மார்க் விவசாயி. அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறித்தவச் சபையில் சேர்ந்து, அவர்கள் குடியேறிய யூட்டாவுக்கு 1856-ல் கிளம்பினார். மாட்டுவண்டி வாங்கும் வசதி இருந்தும் பணத்தைச் சபைக்குக் கொடுத்துவிட்டுக் கைவண்டி இழுத்து நடந்துபோன வில்லி குழுவில் சேர்ந்தார். அக்டோபர் 23 அன்று வயோமிங்கில் ராக்கி ரிட்ஜ் மேட்டில் பனிப்புயல். பாதம் உறைந்து நடக்க முடியாமல் போன மனுசனை எல்சி இழுத்தாள். இது கதையா?

பனிமலை:
ஆமாம், கதைதான். எல்சி ஐந்தடி கூட இல்லை, அவரோ ஆறடிக்கு மேல் என்று உங்கள் ஆட்களே பெருமையாகச் சொல்கிறார்கள். பட்டினி கிடந்த பெண் பனியில் அவ்வளவு பாரத்தை மேட்டில் இழுத்தாளாம். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் வாய்வழியாக வந்ததைச் சரித்திரம் என்று எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

கல்வெட்டு:
பாரம் பாரம் என்கிறீர்களே, வண்டியில் வேறென்ன மிச்சம் இருந்தது? மாவு தீர்ந்துவிட்டது. ஆளுக்கு 17 பவுண்டு என்று கொடுத்த மூட்டையையும் வழியிலேயே பாதி எறிந்துவிட்டார்கள். எல்சி இழுத்தாள். இழுக்காவிட்டால் அவர் எப்படி மேட்டைத் தாண்டி ராக் கிரீக் முகாமுக்கு வந்து சேர்ந்தார்? பறந்தா?

ஓடக்கரை:
சண்டைக்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். சிலர் இதைத் தள்ளுவண்டி என்று எழுதுகிறார்கள். நம்மூர் காய்கறி வண்டி மாதிரித் தள்ளுவதல்ல அது. முன்னால் குறுக்குக் கட்டை, அதற்குள் நின்று நெஞ்சு கொடுத்து இழுக்கவேண்டும்.

கல்வெட்டு:
நான் கைவண்டி என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் பாருங்கள்.

ஓடக்கரை:
உங்களைச் சொல்லவில்லை ஐயா.

கல்வெட்டு:
வேறு யாரைச் சொன்னீர்கள்? இங்கே எழுதுவது மூன்று பேர்.

செம்மண்:
இழுத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் யூட்டாவில் அவர் இன்னும் இரண்டு பேரைக் கட்டிக்கொண்டாரே! உயிரைக் கொடுத்து இழுத்து வந்தவளுக்குப் பரிசு இரண்டு சக்களத்தியா? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பனிமலை:
இதைத்தான் போன வருசமும் கேட்டேன். இதே கல்வெட்டு அப்போது திரியைவிட்டே எழுந்து போய்விட்டார்.

கல்வெட்டு:
நான் எங்கேயும் போகவில்லை. ஊருக்குப் போயிருந்தேன். பலதார மணம் அன்றைய மார்மன் சபையின் வழக்கம். அதைச் சரி என்று நான் சொல்லவில்லை. இங்கே பேச்சு, எல்சி இழுத்தாளா என்பது.

அன்று இரவு ராக் கிரீக்கில் என்ன நடந்தது என்று தெரிந்தால் இப்படிப் பேச வாய் வராது. 13 பேரை ஒரே குழியில் மூன்று நான்கு பேராக நெருக்கிக் கிடத்தி, அடுக்கடுக்காக வைத்து, மேலே காட்டுச் செடிக் கிளைகளைப் போட்டு மண் தள்ளினார்கள். நீல்சனின் சின்ன மகன் அந்தக் குழியில். அவர்கள் கூட்டி வந்த மோர்ட்டென்சன் வீட்டுப் பெண் போடிலும் அங்கேதான். கையில் பொறுக்கிய சுள்ளியோடு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தபடியே விறைத்துக் கிடந்தாள் என்பார்கள். குழி வெட்ட உதவிய இரண்டு பேரும் செத்துப்போனார்கள், ஆக 15. வெட்டியான் வேலைக்குத் தனியாக ஆள் ஏது? சாகப்போகிறவனே கடப்பாரை பிடித்தான்.

பனிமலை:
குழியை யார் மறுத்தது? அதே குழுவில் வந்து அதைக் கண்ணால் பார்த்து எழுதிய சிஸ்லெட் பிற்பாடு சபையைவிட்டே விலகினவர். அவருக்குப் பூசி மெழுக வேண்டிய தேவை இல்லை, அதனால் நம்புகிறேன். எல்சி விசயத்தில் அப்படி ஒரு வெளியாள் சாட்சி காட்டுங்கள். என்பார்கள், சொல்வார்கள் எல்லாம் வேண்டாம்.

கல்வெட்டு:
சபையைவிட்டுப் போனவன் சொன்னால் சாட்சி, வீட்டில் இருந்தவன் சொன்னால் கதை. நல்ல நியாயம்! அந்த மனுசன் கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். அந்தக் காலோடு, அறுபதை நெருங்கும் வயதில், யூட்டாவிலேயே புது ஊர் அமைக்கப் போய், 1880 ஜனவரியில் ஹோல் இன் த ராக் என்ற பாறைப் பிளவு வழியாக வண்டி இறக்கிய கூட்டத்தில் இருந்தார். ஆறு வாரம் என்று கிளம்பிய பயணம் ஆறு மாதம் ஆனது. அப்படி அமைத்த பிளஃப் ஊரில் 1906-ல் சாகும்வரை அவர்தான் பிஷப், அதாவது ஊர்ச் சபைத் தலைவர். 'ஸ்டிக்கி ட டூடி' என்று டேனிஷ் நாக்கில் அவர் சொன்னதை இன்றும் அங்கே சொல்கிறார்கள். விடாப்பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அவர் யாரிடம் கற்றார்? இழுத்தவளிடம்தான்.

செம்மண்:
பிளஃப் ஒன்றும் ஆளில்லாத காடு இல்லை. சான் உவான் ஆற்றங்கரையில் நவஹோ, யூட் பழங்குடிகள் முன்பிருந்தே இருந்தார்கள். அவர்களைக் கேட்டா குடியேறினார்கள்?

கல்வெட்டு:
அதற்குத் தனித் திரி போடுங்கள், வந்து பேசுகிறேன்.

பனிமலை:
கேள்வி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. சாட்சி எங்கே?

கல்வெட்டு:
அந்த நொண்டிக் கால்தான் சாட்சி. நடக்க முடியாதவன் வந்து சேர்ந்தான். எல்சி இழுத்தாள்.

பனிமலை:
யாரோ இழுத்தார்கள். எல்சி என்று எப்படித் தெரியும்?

கல்வெட்டு:
எல்சி இழுத்தாள். நாளைக் காலை வந்து இன்னும் எழுதுகிறேன்.