புதுப்பிப்பு: 50 கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டத்திற்கு நான் தேர்ந்தெடுத்தவை

என் முதல் 50 கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டத்திற்கு நீர்புகாக் காலணி வாங்கலாமா, எந்தத் துணியில் சட்டை எடுப்பது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பாதையிலும் புக்கித் தீமா குன்றிலும் நான்கு நீண்ட பயிற்சிகளை முடித்த பிறகு இதை எழுதுகிறேன்.

நீர்புகாக் காலணியைக் கைவிட்டேன். இரண்டாம் பயிற்சியில் பெய்த மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே இறங்கியது. அது வெளியேற வழியில்லாததால், எஞ்சிய தொலைவு முழுவதும் ஊறிய பாதங்களோடு ஓடி, இரண்டு குதிகால்களிலும் கொப்புளம் கண்டது. இப்போது வலைத்துணியால் ஆன, வழக்கத்தைவிட அரை அளவு பெரிய காலணியை அணிகிறேன். பல மணி நேர ஓட்டத்தில் பாதம் வீங்கும் என்பதால் விரல்களுக்கு முன்னே இடம் தேவை. அடிப்பாகத்தின் ஆழமான பற்கள் சேற்றில் உதவினாலும், நனைந்த மரப்பலகை நடைபாதையில் வழுக்கவே செய்கின்றன. அங்கே நடந்து கடப்பதே பாதுகாப்பு.

பருத்திச் சட்டை வேண்டாம் என்று அன்பர்கள் சொன்னது சரி. எனினும் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை என்பதால், விரைவில் உலரும் பாலியெஸ்டரும் நனைந்தே இருக்கிறது; ஆகவே துணியின் பெயரைவிட, தையல் உராயாமல் உடலோடு பொருந்துவதையே முக்கியமாகக் கருதுகிறேன். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாசலின் களிம்பு தடவிக்கொள்கிறேன்.

தண்ணீருக்கு, மார்புப்புறம் இரண்டு 500 மில்லிலிட்டர் குடுவைகள் வைக்கும் ஓட்டப் பை. நீர் நிரப்பி, அணிந்து, சில அடிகளாவது ஓடிப் பார்க்காமல் அதை வாங்காதீர்கள். காலியாக இருந்தபோது கச்சிதமாகத் தோன்றிய என் முதல் பை, நிரப்பியதும் குலுங்கிக் கழுத்தோரத்தைப் புண்ணாக்கிவிட்டது.