புகையிலை சர்வேயில் பாலினத்தையும் ஈர்ப்பையும் தமிழில் எப்படிக் கேட்பது?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்காக மதுரைப் பக்கம் வீடு வீடாகப் போய் 18 வயது தாண்டியவர்களிடம் புகையிலைப் பழக்கம் பற்றிக் கேட்கப் போகிறோம். பீடி, சிகரெட், ஹான்ஸ், வெற்றிலையோடு போடுகிற புகையிலை எல்லாமே உண்டு. பல நாடுகளில் பயன்படுத்துகிற காட்ஸ் (GATS, பெரியவர்களின் புகையிலைப் பழக்கம் பற்றிய உலக சர்வே) படிவத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டோம், அதன் முதல் கேள்வியிலேயே நான் நின்றுவிட்டேன். "பார்த்துப் பாலினத்தைக் குறித்துக்கொள்ளவும், தேவைப்பட்டால் கேட்கவும்" என்று கேள்வி கேட்பவருக்கு ஒரு குறிப்பு, அதற்குக் கீழே ஆண், பெண் என்று இரண்டே கட்டம். 2016-17 இந்திய காட்ஸில் பதில் சொன்னவர்கள் மொத்தம் 74,037 பேர். ஆண்கள் 33,772, பெண்கள் 40,265. கூட்டிப் பாருங்கள், ஒருவர்கூட மிச்சமில்லை.

குழுவில் சிலர் "மூன்றாம் பாலினம் என்று ஒரு கட்டம் சேர்த்தால் முடிந்தது" என்கிறார்கள். ஈர்ப்பு பற்றிய கேள்வியைப் போட்டால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று வழிகாட்டி பயப்படுகிறார். எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் தன்பாலீர்ப்பாளர். வீட்டில் தெரிந்து வெளியே வந்த வருஷம்தான் சிகரெட்டைத் தொட்டார், இன்றுவரை விடவில்லை. அவர் மாதிரி ஆட்கள் எங்கள் கணக்கில் வரவேண்டும் என்று நினைக்கிறேன். தமிழில் இதை எப்படிக் கேட்பது? களத்தில் கேட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தேனிக்காரி எழுதியது:

பதினோரு வருஷமாக சர்வே வேலை பார்க்கிறேன். தம்பி, நீங்கள் பார்க்கிற கேள்விக்கு முன்னாலேயே ஒரு இடம் இருக்கிறது. வீட்டு உறுப்பினர் பட்டியலை ஒருவரிடம்தான் கேட்போம், பெரும்பாலும் அம்மா சொல்வார். "மூத்தவன் ஒருத்தன், அடுத்தவ பொண்ணு" என்று அவர் சொன்னதுதான் பட்டியல். அந்த மூத்தவர் திருநங்கையாக இருந்து உள்ளே படுத்திருந்தாலும் அவரிடம் வாய் திறப்பதற்குள் ஆண் என்று பதிந்துவிடும். வீட்டை விட்டுப் போனவர் என்றால் பெயரே வராது. அதனால் பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும், தேர்வான ஆளிடம் நேரில் மறுபடியும் கேட்டுத் திருத்த வழி வையுங்கள்.

அப்புறம் அந்தச் சொல். ஒருமுறை எங்களுக்கு வந்த படிவத்தில் "பிறப்பின்போது பதிவான பால்" என்று இருந்தது. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு அம்மாவிடம் அப்படியே வாசித்தேன், "தாய்ப்பால்தான் கொடுத்தாங்க" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, பேச்சில் பால் என்றால் பால்தான். அன்றிலிருந்து "நீங்க பொறந்தப்ப ஆம்பளப் புள்ளன்னு சொன்னாங்களா, பொம்பளப் புள்ளன்னு சொன்னாங்களா" என்று கேட்கிறேன். எல்லோருக்கும் புரிகிறது, யாரும் கோபித்ததில்லை.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

நான் வெளிநாட்டில் சுகாதார சர்வே தரவுகளோடு வேலை செய்கிறவன். அமெரிக்காவின் தேசிய சுகாதார நேர்காணல் சர்வேயில் பாலீர்ப்புக் கேள்வி 2013-ல்தான் முதன்முதலாக வந்தது. 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களில், எதிர்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் 19.6 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்களில் அது 27.2, இருபாலீர்ப்பு உள்ளவர்களில் 29.5. கேட்டிருக்காவிட்டால் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆனால் கேள்வியை எழுதும்போது அங்கே சிக்கலாக இருந்தது சிறுபான்மையினர் அல்ல, பெரும்பான்மையினர். "ஹெட்டிரோசெக்ஷுவல்" (எதிர்பால் ஈர்ப்பு உள்ளவர்) என்ற சொல் தெரியாத சாதாரண ஆட்கள் "வேறு", "தெரியாது" என்ற கட்டங்களுக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் "ஸ்ட்ரெய்ட், அதாவது கே அல்ல" என்று பேச்சு வழக்கில் மாற்றி எழுதினார்கள். தமிழில் இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் பெரும்பான்மைக்கு நம்மிடம் புழக்கத்தில் ஒரு பெயரே கிடையாது, தன்னை "எதிர்பாலீர்ப்பாளர்" என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரையாவது உங்கள் ஊர் டீக்கடையில் பார்த்திருக்கிறீர்களா?

இது ஏன் முக்கியம் என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 10,000 பேரில் 200 பேர் தன்பாலீர்ப்பாளர்கள், அவர்களில் 30 சதவீதம் பேர் புகைப்பவர்கள் என்று வையுங்கள். மற்ற 9,800 பேரில் புகைப்பவர்கள் 15 சதவீதம். இவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் கேள்வி புரியாமல் தன்பாலீர்ப்பாளர் கட்டத்தில் விழுந்தாலே 196 பேர், கிட்டத்தட்ட உண்மையான ஆட்களின் அளவு. இப்போது அந்தக் கட்டத்தின் விகிதம் 22.6 ஆக இறங்கிவிடும், இருமடங்கு வித்தியாசம் ஒன்றரை மடங்காகச் சுருங்கும். இது கற்பனைப் பயம் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாலின அடையாளக் கேள்வி நீளமாகச் சுற்றி வளைத்து இருந்தது, ஆங்கிலம் சரியாக வராதவர்களிடம் மட்டும் திருநர் விகிதம் பல மடங்கு அதிகமாக வந்து நின்றது, கடைசியில் 2024-ல் அந்த எண்களுக்கு இருந்த அதிகாரபூர்வத் தரச்சான்றை எடுத்துவிட்டார்கள்.

என் யோசனை: அடையாளப் பெயரைக் கேட்காமல் "உங்களுக்கு யார் மேல் ஆசை வரும்? ஆண்கள் மேலா, பெண்கள் மேலா, இரண்டு பேர் மேலுமா, யார் மேலும் இல்லையா, சொல்ல விருப்பமில்லையா" என்று கேளுங்கள். இதை வாயால் சொல்ல வைக்க வேண்டாம். பிரிட்டனில் ஒரு முறை உண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, அதில் விடைகளுக்கு நேரே எண்கள், ஒரே வீட்டில் ஆளுக்கு ஆள் எண் மாறும். அவர் "37" என்று சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியாருக்கு ஒன்றும் விளங்காது.

ராஜா_74 எழுதியது:

தவறாக நினைக்க வேண்டாம். புகையிலை எல்லோருக்கும் ஒரே புற்றுநோயைத்தானே கொடுக்கிறது? இதை எல்லாம் பிரித்துக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

ராஜா சார், நியாயமான கேள்வி. சிகரெட் கம்பெனிகள் பிரித்துத்தான் பார்த்தன. 1990-களின் நடுவில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர்களையும் வீடில்லாதவர்களையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் போட்டது, வழக்குகளால் வெளியே வந்த அவர்களின் சொந்த ஆவணங்களிலேயே அது இருக்கிறது. விற்கிறவனுக்கு ஆள் யாரென்று தெரியும், நிறுத்த உதவுகிறவருக்குத் தெரியாது என்றால் அது சரியா?

செவ்வந்தி எழுதியது:

நான் திருநங்கை. தேனிக்காரி அக்கா சொன்ன கேள்வி புரியும், ஆனால் தயவுசெய்து அதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். வந்து உட்கார்ந்ததும் "பிறந்தப்ப என்ன" என்று கேட்டால், இவர்களும் அதைத் தோண்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று மனசு மூடிவிடும். முதலில் "இப்ப உங்களை எப்படிச் சொல்லிக்கொள்வீங்க" என்று கேளுங்கள். ஆண், பெண், திருநங்கை, திருநம்பி, வேறு என்று வையுங்கள். "மூன்றாம் பாலினம்" வேண்டாம், முதல் இரண்டு யார், எங்களை ஏன் மூன்றாவதாக நிறுத்துகிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். எனக்கு மகள் முறையாகும் திருநங்கைகளில் பாதிப் பேர் "பெண்" என்றுதான் சொல்வார்கள், அது அவர்கள் உரிமை. பிறப்பு பற்றிய கேள்வி பிறகு வந்தால்தான் அவர்களும் கணக்கில் வருவார்கள்.

இன்னொன்று, எங்களை வீடு வீடாகப் போய்ப் பிடிக்க முடியாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் "மற்றவர்" 22,364 பேர், மாநில மக்கள்தொகை 7.21 கோடி. நீங்கள் 4,000 பேரைக் கேட்டால் கணக்குப்படி எங்களில் ஒருவர்தான் வருவார். அந்த ஒருவரை வைத்து "திருநங்கைகளில் இத்தனை சதவீதம்" என்று எழுதிவிடாதீர்கள். ஒரே வாடகை வீட்டில் எங்களுக்குத் தாய் மாதிரியான குருவம்மாவோடு ஏழெட்டுப் பேர் இருப்போம், உங்கள் முறைப்படி அதிலும் ஒருவரைத்தான் எடுப்பீர்கள். எங்களுக்குத் தனியாக ஒரு சர்வே வையுங்கள், எங்களில் இருவருக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுங்கள், ஒருவர் மூலம் இன்னொருவர் என்று போகலாம். கடை கடையாகக் காசு கேட்டு ராத்திரி நடந்து வந்து பசியில் சோறுக்குப் பதில் ஹான்ஸை அதக்கிக்கொண்டு படுக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். விடச் சொல்லி ஒரு டாக்டர்கூட அவர்களிடம் பேசியதில்லை.

வைகைக்கரை எழுதியது:

செவ்வந்தி அக்கா, எல்லோருக்கும் நன்றி. இன்று வழிகாட்டியிடம் பேசினேன். "பார்த்துக் குறிக்கவும்" என்ற வரியை எடுத்துவிட்டோம், பாலினக் கேள்வியை நீங்கள் சொன்ன வரிசையில் வைக்கிறோம். ஈர்ப்புக் கேள்வி அட்டையோடு கடைசிப் பகுதியில் வரும், முதலில் முப்பது பேரிடம் சோதித்து, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று திருப்பிக் கேட்போம். தனி சர்வேக்கு நெறிமுறைக் குழுவிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அக்கா, பயிற்சிக்கு வரக்கூடியவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சம்பளத்தை பட்ஜெட்டில் எழுதிவிட்டேன்.