துணி போர்த்திய ஹரிக்கேன் 1940-ல் எப்படித் தாக்குப்பிடித்தது?

நீலவானம்:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். எங்கே திரும்பினாலும் பிரிட்டிஷ் ஃபைட்டர் விமானமான ஸ்பிட்ஃபயர் புராணம்தான். ஆனால் 1940 கோடையில் பிரிட்டன் வானத்தில் விழுந்த ஜெர்மன் விமானங்களில் பாதிக்கு மேல் இன்னொரு பிரிட்டிஷ் ஃபைட்டரான ஹரிக்கேன் கணக்கில்தான் வருகிறது, அதுதான் எனக்குப் புரியவில்லை. பின்பாதி உடம்பு மரச்சட்டமும் துணியும். முதல் மாடலின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 520 கிலோமீட்டர், எதிரே வந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 அதைவிட 40, 50 கிலோமீட்டர் கூடுதலாகப் பறக்கும். அப்படியிருக்க இது எப்படி ஈடுகொடுத்தது? வெறும் எண்ணிக்கை பலமா, இல்லை விமானத்திலேயே ஏதாவது விஷயம் இருக்கிறதா? 1942-ல் கொழும்பில் இதே ஹரிக்கேன் ஜப்பானியரிடம் படுமோசமாக அடிவாங்கியதாகவும் படித்தேன். இரண்டே வருஷத்தில் என்ன ஆயிற்று?

பழைய ரன்வே:
எண்ணிக்கை பலமேதான், ஆனால் அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. ஹாக்கர் கம்பெனியின் வடிவமைப்பாளர் சிட்னி காம் அதுவரை ஃப்யூரி மாதிரி இரட்டை இறக்கை விமானங்களைச் செய்துவந்தவர். புதிதாக ஒற்றை இறக்கை ஃபைட்டர் வரைய உட்கார்ந்தபோது, தன் தொழிற்சாலை ஆட்களுக்குக் கைவந்த கட்டுமான முறையை அவர் விடவில்லை. உலோகக் குழாய்களால் எலும்புக்கூடு, அதன்மேல் மரச்சட்டம், அதன்மேல் துணி. இயந்திரம் மட்டும் புத்தம்புதிய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். 1935 நவம்பர் 6 அன்று ப்ரூக்லாண்ட்ஸில் முதல் விமானம் மேலேறியது. ஸ்பிட்ஃபயர் பறந்தது அடுத்த மார்ச்சில்.

அப்புறம் நடந்ததை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். 1936 ஜூனில்தான் அரசாங்கம் 600 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஹாக்கர் நிர்வாகமோ அதற்குச் சில மாதம் முன்பே, கையில் ஒரு ஆர்டரும் இல்லாமல், 1000 விமானங்களுக்கான கருவிகளைத் தயார் செய்யச் சொல்லிவிட்டது. அந்தச் சில மாதங்கள் இல்லையென்றால் 1940-ல் எத்தனை ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) வெறுங்கையோடு நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1937 டிசம்பரிலேயே நார்த்தோல்ட்டில் 111-வது ஸ்குவாட்ரனுக்கு ஹரிக்கேன் வந்துவிட்டது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை அழகானது, ஆனால் செய்வதற்குப் படாதபாடு, ஆரம்பத்தில் உற்பத்தி தள்ளாடியது. அதனால்தான் சண்டை தொடங்கும்போது ஸ்பிட்ஃபயர் ஸ்குவாட்ரன்களைவிட ஹரிக்கேன் ஸ்குவாட்ரன்கள் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருந்தன. பிறகு க்ளாஸ்டர் தொழிற்சாலையும் கனடாவும் சேர்ந்துகொள்ள, மொத்தம் 14,000-க்கு மேல் செய்தார்கள். கனடா தொழிற்சாலையில் அந்த வேலையைத் தலைமையேற்று நடத்திய பொறியாளர் எல்சி மெக்கில் என்ற பெண்மணி. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு இழை போடலாம்.

ஆனால் 1935-ல் பறந்த விமானமேதான் 1940-ல் சண்டை போட்டது என்று நினைக்க வேண்டாம். முதலில் இரண்டு அலகு மரச் சுழல்விசிறி, அலகுக் கோணம் மாற்ற முடியாது. இறக்கையும் துணிதான். 1940-க்குள் விமானி கையைவிட்டாலும் தானே கோணத்தைச் சரிசெய்துகொள்ளும் சுழல்விசிறி, உலோகத்தகடு போர்த்திய இறக்கை, 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லாம் வந்தாயிற்று. தாழ்வான உயரத்தில் அந்த உயர்தரப் பெட்ரோல் இயந்திரத்துக்குக் கொடுத்த கூடுதல் சக்தி கொஞ்சநஞ்சம் அல்ல.

ஸ்பேனர் செட்:
பழைய ரன்வே ஐயா சொன்னதோடு பழுது பார்க்கும் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். நான் விமானப் பராமரிப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் எனக்கு இதுதான் முதலில் கண்ணில் படும்.

ஹரிக்கேனின் குழாய்களை வெல்டிங் செய்யவில்லை. குழாய் முனைகளைச் சதுரமாக அழுத்தி, பக்கத்தில் தகடு வைத்து, போல்ட்டும் ரிவெட்டும் போட்டு இணைத்தார்கள். குண்டு பட்டு ஒரு குழாய் வளைந்தால் அந்தக் குழாயை மட்டும் கழற்றி வேறு போடலாம், பல சமயம் அந்த விமானத்தளத்திலேயே. துணியில் விழுந்த ஓட்டைக்கு ஒட்டுப்போட்டு டோப் (துணியை விறைப்பாக்கும் பூச்சு) பூசினால் கிழிந்த வேட்டியைத் தைத்த மாதிரி வேலை முடிந்தது. பீரங்கிக் குண்டு துணியைத் துளைத்து, வெடிக்காமலேயே மறுபக்கம் போய்விட்டதும் உண்டு. தகடே உடம்பாகவும் பாரம் தாங்கியாகவும் இருக்கும் ஸ்பிட்ஃபயரில் அதே அடி பட்டால் பெரிய பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். தினமும் சண்டை நடக்கும்போது நாளைக் காலை எத்தனை விமானம் மேலே போகும் என்பதுதான் கணக்கு.

இன்னும் இரண்டு விஷயம். சக்கரங்கள் அகலமாக விரிந்து நிற்கும், அதனால் மேடுபள்ளமான புல்தரையில் புது விமானி இறக்கினாலும் கவிழாது. இறக்கைக்கு நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கி வீதம் எட்டுத் துப்பாக்கிகளும் நெருக்கமாக ஒரே கொத்தாக இருந்தன, இறக்கை தடிமனானது, ஆகவே சுடும்போது விமானம் ஆடாது. குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்த வேறென்ன வேண்டும்?

குறையையும் மறைக்கக் கூடாது. இறக்கைகள் உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு பெட்ரோல் தொட்டி, அதுபோக விமானியின் முகத்துக்கு நேர் முன்னால் ஒன்று. தீப்பிடித்தால் நெருப்பு நேராகக் காக்பிட்டுக்குள் பாயும். சில நொடிகளில் கையும் முகமும் போய்விடும். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ அறுவை செய்த விமானிகளில் பலர் ஹரிக்கேனில் எரிந்தவர்கள். அந்தப் போர் முழுவதிலும் பிரிட்டனின் ஃபைட்டர் விமானப் படைப்பிரிவான ஃபைட்டர் கமாண்டுக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ் என்ற உச்ச வீர விருதும், எரிகிற ஹரிக்கேனை விட்டுக் குதிக்காமல் எதிரியைச் சுட்டுக்கொண்டே இருந்த ஜேம்ஸ் நிக்கல்சனுக்குத்தான், 1940 ஆகஸ்ட் 16. அவர் பிழைத்தார். தொட்டிக்குக் கவசம் போடுவதை இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்றும் உண்டு.

ரத்மலானை வாசகன்:
கொழும்பு விசயத்துக்கு நான் பதில் சொல்லலாம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. முதல் நாளே லெனர்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி தன்னுடைய கட்டலீனா என்ற கடல் விமானத்தில் இருந்து ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டார், அதோடு அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். வருகிறார்கள் என்று தெரியும். ஆனால் அன்று காலை விமானங்கள் நெருங்கியபோது ராடார் எச்சரிக்கை கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானை விமானத்தளத்துக்கு வந்து சேரவில்லை. 30-வது ஸ்குவாட்ரன் ஆட்கள் நிமிர்ந்து பார்க்கையில் எதிரி தலைக்கு மேலே. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே ஓடிப்போய் ஏறிக் கிளம்பினார்கள். உயரமும் இல்லை, வேகமும் இல்லை, மேலே ஜப்பானிய ஃபைட்டர்களான சீரோக்கள்.

258-வது ஸ்குவாட்ரன் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் இருந்தது. அங்கே ஓடுபாதை போட்டிருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது, அதனால் அவர்கள் தாக்கப்படாமல் மேலெழும்பினார்கள், இருந்தும் பாதிக்கு மேற்பட்ட விமானங்கள் போய்விட்டன. இரண்டும் சேர்த்துக் கிளம்பிய 36 ஹரிக்கேன்களில் சுமார் 20 இழப்பு. ஜப்பானியர் இழந்தது 7.

ஐரோப்பாவில் மெஸ்ஸர்ஷ்மிட்டோடு சண்டை பிடிக்கும்போது ஹரிக்கேனின் பலமே வளைவுதான், 109-ஐவிடக் குறுகலாக வளைந்து பின்னால் போய்விடலாம். சீரோவிடம் அதைச் செய்தால் சாவுதான், ஏனென்றால் சீரோ அதைவிடக் குறுகலாக வளையும். போதாக்குறைக்கு வெப்ப நாட்டுத் தூசிக்காக மூக்கின் கீழே பூட்டிய பெரிய வடிகட்டி வேகத்தையும் தின்றது. என்றாலும் விமானத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1940-ல் இங்கிலாந்தில் கரையோர ராடார், கண்காணிப்பாளர்கள், தொலைபேசி, கட்டுப்பாட்டு அறை என்று ஒரு முழு ஏற்பாடே ஹரிக்கேன்களை நேரத்துக்கு மேலே அனுப்பியது. இங்கே அந்த இளைஞர்களுக்கு அது கிடைக்கவில்லை.

நீலவானம்:
மிக்க நன்றி. ஸ்பேனர் செட் ஐயா, மெர்லின் இயந்திரம் திடீரென்று நின்றுபோகும் என்று எங்கோ பார்த்தேனே, அது உண்மையா? அப்புறம் 1942-க்குப் பிறகு ஹரிக்கேனை ஓரங்கட்டிவிட்டார்களா?

ஸ்பேனர் செட்:
உண்மைதான் தம்பி. மெர்லினில் மிதவை வைத்த கார்புரேட்டர். விமானி மூக்கைச் சடாரென்று கீழே அழுத்தினால் பெட்ரோல் மேலே எழும்பி, இயந்திரம் ஒரு கணம் திக்கும். 109-ல் பெட்ரோலை நேராகப் பீய்ச்சும் முறை, அதற்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆகவே ஜெர்மானியர் தப்பிக்க நேரே கீழே பாய்வார்கள். ஹரிக்கேன் விமானி முதலில் புரண்டு, பிறகுதான் பாய வேண்டும், அதற்குள் எதிரி தூரம் போய்விடுவான். 1941-ல் பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் பெட்ரோல் வழியில் துளையுள்ள சின்ன உலோக வில்லை ஒன்றை வைத்து அதை ஓரளவு தீர்த்தார். இயந்திரத்தைக் கழற்றாமலே பொருத்தலாம் என்பதுதான் அதன் அருமை.

பழைய ரன்வே:
ஓரங்கட்டவில்லை, வேலையை மாற்றினார்கள். வட ஆப்பிரிக்காவில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 40 மில்லிமீட்டர் பீரங்கி பூட்டி டாங்கிகளைச் சுட்டார்கள். கடலில் சரக்குக் கப்பலில் இருந்து ராக்கெட் உந்தித் தள்ளி விட்டார்கள், திரும்பி இறங்க இடமில்லாததால் முடிந்ததும் கடலில் இறங்குவதுதான் வழி, தெரிந்தேதான் போனார்கள். பர்மா முனையில் 1943 கடைசியில் ஸ்பிட்ஃபயர் வந்து வான்காவலை எடுத்துக்கொண்டதும், ஹரிக்கேன் குண்டு போடவும் வேவு பார்க்கவும் போயிற்று. இந்திய விமானப்படை நிறையப் பறந்தது அந்த வேலையில்தான். அரக்கானில் மெஹர் சிங்கின் 6-வது ஸ்குவாட்ரன், இம்பால் முற்றுகையில் அர்ஜன் சிங்கின் 1-வது ஸ்குவாட்ரன், இரண்டுமே ஹரிக்கேன்தான். காட்டு மரங்களை உரசுகிற உயரத்தில் போய்ப் படம் எடுத்துவர, வேகத்தைவிட அடி தாங்குகிற உடம்பு முக்கியம். அர்ஜன் சிங்குக்கு 1944-ல் டிஎஃப்சி பதக்கம் கிடைத்தது இம்பாலில் செய்த அந்தப் பணிக்காகத்தான். டெல்லியில் பாலம் (Palam) விமானத்தளத்தில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேன் நிற்கிறது, அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.